காரணம் பொய்த்த காரணப்பெயர்: 'டேங்க் கிளீனர்' மீனின் பசி

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாக வகுக்கிறது. காரணம் புலப்படாமல் தொன்றுதொட்டு வழங்கிவருவது இடுகுறிப்பெயர். பொருளின் இயல்பையோ தொழிலையோ பற்றி எழுந்தது காரணப்பெயர். பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பாகுபாடு இது. அதற்குள் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: காட்டப்படும் காரணமே பொய்யாக இருந்தால், அந்தப் பெயர் தன் பொருளை என்ன செய்யும்? இந்திய நகரங்களின் வண்ணமீன் கடைகளில் அன்றாடம் விற்கப்படும் மீன் ஒன்று இக்கேள்விக்கு விடையாக நிற்கிறது.

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், சென்னை கொளத்தூரின் கடை வரிசைகளிலும் அந்த மீனைக் காணலாம். விரல் நீளம், கரும்பழுப்பு உடலில் புள்ளிகள், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வட்ட வாய். கடைக்காரர் அதனைச் 'சக்கர்' என்பார். பெரும்பாலும் 'டேங்க் கிளீனர்' என்பார். முதன்முதலாகத் தொட்டி வாங்குபவர் நான்கு தங்கமீன்களையோ ஏஞ்சல் மீன்களையோ தேர்ந்தெடுத்தபின், இறுதியில் 'கிளீனர் ஒன்றும் போடுங்கள்' என்கிறார். மற்ற மீன்கள் அழகுக்காக வாங்கப்படுகின்றன. இது வேலைக்கு எடுக்கப்படுகிறது. ஆகவே மற்ற மீன்களுக்குத் தீனி வாங்குபவர் இதற்கு எதுவும் வாங்குவதில்லை. 'அழுக்கைத் தின்றுகொள்ளும்' என்ற உறுதிமொழி பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த மீன் பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நாட்டுக் கெளுத்திகளைப் போலவே கெளிற்று மீன்களின் பெருவகுப்பில் அடங்கினாலும், இதன் குடும்பம் வேறு. தாயகம் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ முதலிய ஆறுகளின் படுகைகள் இதன் வீடு. செதிலுக்கு மாறாக எலும்புத் தகடுகள் உடலைப் போர்த்தியிருக்கின்றன. லத்தீனில் கவசத்தைக் குறிக்கும் 'லோரிக்கா' என்ற சொல்லிலிருந்தே லோரிக்காரியிடே என்னும் குடும்பப்பெயர் வந்தது. பகலில் மரத்தடிகளுக்கும் கற்களுக்கும் அடியில் ஒடுங்கி, இருட்டியபின் இரை தேடுவது இதன் இயல்பு. பாசி, மட்கும் தாவரப் பொருள், அவற்றின்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலம், அவற்றிடையே வாழும் சிற்றுயிர்கள் ஆகியவை இதன் உணவு.

குஞ்சுப் பருவத்தில் இது கண்ணாடியில் படரும் பச்சைப் பாசியைச் சுரண்டித் தின்பது உண்மை. பெயர் பிறந்த இடமும் அதுதான். ஆனால் அந்தச் சிற்றுண்மையின்மேல் இரண்டு பொய்கள் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, மற்ற மீன்களின் கழிவை இது தின்னும் என்பது. தின்னாது. இரண்டாவது, இது இருந்தால் நீர் தூய்மையாகும் என்பது. நடப்பது நேர்மாறானது. மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டை நீரை மாற்றும் மனிதக் கைகளும் ஓரளவு நீர்த்தாவரங்களுமே அகற்றுகின்றன. இந்தச் சுழற்சியில் எந்த மீனுக்கும் துப்புரவுப் பங்கு இல்லை. ஒவ்வொரு மீனும் கழிவைக் கூட்டவே செய்கிறது. நார்ப்பொருளை ஓயாமல் அரைத்துத் தள்ளும் இந்த மீன் மற்றவற்றைவிட அதிகமாகவே கூட்டுகிறது. 'கிளீனர்' வந்தபின் தொட்டிக்கு முன்பைவிடக் கூடுதல் துப்புரவு தேவைப்படுகிறது.

பெயரின் இலக்கணத்தைச் சற்று உற்றுநோக்கினால், இந்தத் தவறு எவ்வளவு இயல்பாக நிகழ்கிறது என்பது விளங்கும். 'கெளுத்தி' என்ற சொல் ஓர் உயிரைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. 'கிளீனர்' ஒரு வினையைச் சுட்டுகிறது, அந்த வினைக்குச் செயப்படுபொருள் தொட்டி, தொட்டியோ மனிதருடையது. வினையாலணையும் பெயரைத் தாங்கிய உயிர் அந்த வினையாகவே எண்ணப்படுகிறது. எழுவாய்க்கும் ஒரு வயிறு உண்டு என்பது அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. தமிழில் 'கிளீனர்' என்றால் லாரியில் ஓட்டுநருடன் செல்பவர் நினைவுக்கு வருவார். அந்தக் கிளீனருக்குக்கூடப் படியும் வழிச்சாப்பாடும் உண்டு. தொட்டிக் கிளீனருக்கு வேலையே சாப்பாடாகக் கருதப்படுகிறது.

விளைவு பட்டினி. மிதக்கும் தீனி பகலில், மேற்பரப்பில் தூவப்படுகிறது; மற்ற மீன்கள் அதனைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடுகின்றன. விளக்கணைந்தபின் வெளிவரும் அடிமட்ட மீனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு சிறிய தொட்டியின் பாசி சில நாள்களில் தீர்ந்துபோகும். அதன்பின் நிகழும் மெலிவு வெளியே தெரியாது; முதுகின் எலும்புத் தகடுகள் உடலின் வடிவத்தைக் காத்துநிற்கும். மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிற்றைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நன்கு உண்ட மீனின் வயிறு தட்டையாகவோ மெல்லப் புடைத்தோ இருக்கும். பட்டினி கிடக்கும் மீனின் வயிறு உள்வாங்கிக் குழிந்திருக்கும். போதிய உணவு கிடைக்காத மீன், தங்கமீன், டிஸ்கஸ் போன்றவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வழவழப்புப் படலத்தைச் சுரண்டுவதும் உண்டு. அப்போது உரிமையாளர் 'கிளீனர் முரட்டு மீன்' என்று முடிவுகட்டுகிறார். பசி குணமாகப் பெயர்மாற்றம் பெறுகிறது.

பெயர் மறைக்கும் இன்னொன்று அளவு. துப்புரவுக் கருவி வளராது; மீன் வளரும். விரல் நீளத்தில் வாங்கப்படும் இது 40 சென்டிமீட்டரையும் கடந்து வளரக்கூடியது. நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். இந்திய வீடுகளில் பரவலாகக் காணப்படும் இரண்டடித் தொட்டியின் நீளம் சுமார் 60 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் ஏறத்தாழ 30. கொள்ளளவு 54 லிட்டர். வளைந்துகொடுக்காத கவச உடல்கொண்ட 40 சென்டிமீட்டர் மீன், 30 சென்டிமீட்டர் அகலத்தில் திரும்பக்கூட முடியாது. இந்தக் கணக்கைக் கடையில் எவரும் போட்டுக்காட்டுவதில்லை.

அப்படியானால் இந்த மீனை வளர்க்கவே கூடாதா என்றால், வளர்க்கலாம். வேலையாளாக எண்ணாமல் மீனாக எண்ணி வளர்க்கலாம். பல நூறு லிட்டர் நீரும் அதற்கேற்ற வலுவான வடிகட்டியும் முதல் தேவை. விளக்கணைத்தபின் அமிழும் தீனி வில்லைகள் இடப்பட வேண்டும். வெந்நீரில் சற்று வாட்டிய கீரை, வெள்ளரித் துண்டு ஆகியவற்றைக் கல்லோடு பிணைத்து அடியில் வைக்கலாம். மிஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும். பகலில் ஒடுங்க ஒரு குகை வேண்டும். நீரில் ஊறிய மரக்கட்டை ஒன்று ஒளிவிடமாகவும், சுரண்டித் தின்னும் படலம் வளரும் தளமாகவும் பயன்படும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுவதும், குழாய்நீரின் குளோரினை நீக்கிய பின்னரே ஊற்றுவதும் இன்றியமையாதவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்கவேண்டும். இடமாற்றும்போது வலையால் பிடித்தால் துடுப்பு முட்கள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். அகன்ற பாத்திரத்தில் நீரோடு முகந்தெடுப்பதே முறை. கோடையில் நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது என்பதால், மின்வெட்டு நேரத்திலும் காற்றுக்குழாய் இயங்க வழிசெய்ய வேண்டும். இந்தக் குடும்பத்து மீன்கள் பல, நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகவே சுவாசிக்க வல்லவை. மீன் அடிக்கடி மேலே வருவது விளையாட்டன்று, முறையீடு.

இதே பெயர் இன்னொரு சிறு மீனையும் வதைக்கிறது. கோரிடோரஸ் என்று வழங்கும் சிறு கெளிறுகள் 'அடித்தரைக் கிளீனர்' என்று விற்கப்படுகின்றன. இவை பாசியைக்கூடப் பொருட்படுத்துவதில்லை. மணலுக்குள் புதைந்த புழுக்களையும் சிற்றுயிர்களையும் மீசையால் துழாவித் தின்பவை. மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வடித்தெடுப்பது இவற்றின் உண்ணும் முறை. கூர்முனைக் கற்கள் பரப்பிய, கழிவு தேங்கிய தரையில் இவற்றின் மீசை தேய்ந்து அழிகிறது. மீசையிழந்த கோரிடோரஸ், இரை தேடும் விரல்களை இழந்ததற்குச் சமம். கூட்டமாக வாழும் இயல்புடைய இவற்றை ஆறுக்குக் குறையாமல் வளர்க்கவேண்டும். ஆனால் துப்புரவுக்கு ஒன்றே போதும் என்ற கணக்கில், தொட்டிக்கு ஒன்றாகத் தனித்து விற்கப்படுகின்றன. இவை திடீரென மேலே பாய்ந்து காற்றை விழுங்கித் திரும்புவது இயல்பான செயல். குடலின் பின்பகுதியால் அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன.

அறிவியல் பெயர்களிலும் குழப்பம் இல்லாமலில்லை. மீன் வளர்ப்போர் இந்தச் சக்கர் மீனைச் செல்லமாகப் 'பிளகோ' என்கின்றனர். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட இனத்தின் 'பிளகோஸ்டோமஸ்' என்ற அடைமொழியின் குறுக்கம் அது. மடிந்த வாய் என்று பொருள். ஆனால் அந்த இனம் இன்று ஹைப்போஸ்டோமஸ் என்ற வேறு பேரினத்தில் இருக்கிறது. கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் அதுவன்று. முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணினாலே வேறுபாடு புலப்படும்: ஹைப்போஸ்டோமஸுக்குப் பொதுவாக 7 கிளைக்கதிர்கள், டெரிகோப்ளிக்திஸுக்கு அதைவிட அதிகம். இத்தகைய குழப்பத்துக்கு ஜெர்மானிய மீன்வளர்ப்பு இதழான 'டாட்ஸ்' 1988-இல் ஒரு வழி கண்டது. இன்னும் முறையாகப் பெயரிடப்படாத லோரிக்காரியிடே மீன்களுக்கு எல்-1, எல்-2 என எண்கள் இடப்பட்டன. கோரிடோரஸ் பேரினமோ 2024-இல் வெளியான ஆய்வொன்றால் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. கடைகளில் மிகுதியாகக் காணப்படும் வெண்கல நிறக் கோரிடோரஸ் இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஆகிவிட்டது. 'எல்-1' என்பது தூய இடுகுறி. அது மீனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் பொய்யும் சொல்வதில்லை. பொய்யான காரணப்பெயரைவிடக் காரணமற்ற எண் மீனுக்குப் பாதுகாப்பானது என்பது வியப்பூட்டினாலும் உண்மை.

இதுவரை சொன்னது தொட்டிக்குள் நிகழ்வது. பெயரின் பொய் தொட்டிக்கு வெளியேயும் நீள்கிறது. வாங்கிய சில ஆண்டுகளில் 'கிளீனர்' தொட்டியை நிறைத்துவிடுகிறது. கொல்ல மனம் வருவதில்லை. கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை. வீட்டை மாற்றுபவரும், படிப்பு முடிந்து விடுதி அறையைக் காலி செய்யும் மாணவரும் அருகிலுள்ள ஏரியிலோ கால்வாயிலோ அதனை விட்டுவிடுகின்றனர். இரக்கத்தின் பெயரால் செய்யப்படும் அச்செயல் வேறொருவர் தலையில் விடிகிறது. ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலங்கள், நகரத்தின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் 12,500 ஹெக்டேர் பரப்பு. அங்கே இன்று இந்த மீன் பெருகியிருக்கிறது. கேரளத்தின் நீர்நிலைகளிலும் ஆந்திரத்தின் ஆறுகளிலும் கங்கையிலும் பதிவாகியிருக்கிறது. கரை மண்ணைக் குடைந்து வளை அமைத்து முட்டையிடுவதால் கரைகள் சரிகின்றன. முட்கள் வலையைக் கிழிக்கின்றன. வலையில் வந்த எடைக்குச் சந்தையில் விலை கிடைப்பதில்லை. ஒரு வரவேற்பறையின் அழகுக்காகத் தொடங்கியது, மீனவரின் கைம்முதலில் முடிகிறது. வங்கதேசம் 2023-இல் இந்த மீனுக்குத் தடை விதித்தது.

ஏரிக்குள் சென்றதும் மீனுக்குப் புதுப்பெயர் வந்துவிடுகிறது. ஆந்திரத்துச் செய்திகளில் அது 'டெவில் ஃபிஷ்', பேய்மீன். தொட்டியில் இருந்தவரை துப்புரவாளர், ஏரியில் பேய். இரு பெயர்களும் எதிரெதிர்த் துருவங்களைப் போலத் தோன்றினாலும் செய்யும் வேலை ஒன்றே. முதற்பெயர் மீனுக்குத் தீனியிடும் பொறுப்பை உரிமையாளரிடமிருந்து நீக்குகிறது; இரண்டாம் பெயர் அதனை நீரில் விட்ட பொறுப்பை நீக்குகிறது. செய்தித்தாள்களின் வினைச்சொற்களும் இதற்குத் துணைநிற்கின்றன: மீன் 'நுழைந்தது', 'பரவியது', 'ஆக்கிரமித்தது'. பரவியது தன்வினை, பரப்பினர் பிறவினை. தன்வினையில் விட்ட கைக்கு இடமில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒரு நன்னீர் மீன் தானாகக் கொல்கத்தாவுக்கு நீந்தி வந்துவிடவில்லை என்பதை அந்த ஒரு வினைச்சொல் மறக்கச் செய்துவிடுகிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிக்கும் அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் ஒழுங்குபடுத்தவோ தடைசெய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதன் வரையறை பரவுதலோடு, கொண்டுவரப்படுதலையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. சட்டத்தின் மொழி இந்த ஓரிடத்தில் செய்தியின் மொழியைவிட நேர்மையானது.

மனிதரை மீனோடு ஒப்பிடுவது தகாது. ஒப்பிடப்படுவது பெயரிடும் பழக்கம். தொழிலைப் பெயராக்கி, பெயரைப் பிறப்பாக்கி, அந்தப் பிறப்பினருக்கு மிச்சமே உணவு என்று விதித்த நாட்டில், 'அழுக்கைத் தின்று வாழும்' என்ற சொற்றொடர் எவர் காதிலும் உறுத்தாமல் போவது தற்செயலன்று. பிறர் கழிவை அகற்றும் ஓர் உயிருக்கு அந்தக் கழிவே ஊதியம் என்ற எண்ணம் இங்கே புதிதாகக் கற்றுக்கொள்ளப்பட வேண்டியதாக இருக்கவில்லை. பழைய அச்சு ஒன்று ஆயத்தமாக இருந்தது. மொழியியல் வகுப்பறைகளில் சாதிப்பெயர்களும் தொழிற்பெயர்களும் ஆராயப்படும்போது, அந்த அச்சு எத்தகைய சிறிய இடங்களில்கூட இயங்குகிறது என்பதற்கு இந்தத் தொட்டி ஒரு சான்றாகலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வழக்குப் பெயர் என்பது வணிகரின் வசதி. அதனைக் கொண்டு எவரும் உயிரியல் கற்பதில்லை என்பது. ஆனால் இங்கே நிகழ்வது அதுவே. மீனைப் பற்றிய நூல் எதையும் படிக்காத வாங்குநருக்குக் கிடைக்கும் ஒரே வளர்ப்புக் குறிப்பு அந்தப் பெயர்தான். மருந்துப் புட்டியில் பெயர் மட்டுமே ஒட்டப்பட்டிருந்து, அந்தப் பெயரும் தவறாக இருந்தால் எவரும் அதனை வசதி என்று சொல்லமாட்டார். இரண்டாவது மறுப்பு, பெயரை மாற்றிவிட்டால் பழக்கம் மாறிவிடுமா என்பது. மாறாது. பெயர்மாற்றம் மட்டும் ஒரு மீனுக்கும் தீனியிடப்போவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் பெயர் மாறும்போது கேள்வி மாறுகிறது. 'கிளீனர் இருக்கிறதா?' என்பவருக்குக் கிடைக்கும் விடை 'இருக்கிறது' என்பதோடு முடிந்துவிடும். 'இந்தக் கெளிறு எவ்வளவு வளரும்? என்ன தின்னும்?' என்று கேட்பவருக்கு அப்படி ஒரு சொல்லில் விடைசொல்ல முடியாது.

கேட்கப்படுவது பெரிதொன்றுமில்லை. தொட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டில் விலைக்கு அருகே மூன்று விவரங்கள் இடம்பெறட்டும்: மீனின் பெயர், முழு வளர்ச்சியில் அதன் நீளம், அதன் உணவு. வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு கடையாவது முன்வரட்டும். பாசியைத் தின்னும் சிறு மீன்தான் வேண்டும் என்பவருக்கு 12 அல்லது 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் ஆன்சிஸ்ட்ரஸ் இருக்கிறது. அதற்கும் நாள்தோறும் தீனி வேண்டும் என்பதும் உடன்சொல்லப்படட்டும். பல்கலைக்கழகத் துறைகளின் தாழ்வாரங்களிலும் விடுதிப் பொது அறைகளிலும் இருக்கும் தொட்டிகளை நாள்தோறும் கடந்துசெல்பவர்கள், விளக்கணைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் அடிவயிற்றைப் பார்க்கலாம். அது குழிந்திருந்தால், அன்றிரவு ஒரு தீனி வில்லையை உள்ளே இட்டுவிட்டு, தொட்டிக்குப் பொறுப்பானவரிடம் மறுநாள் ஒரு சொல் சொல்லிவைக்கலாம்.